சாத்தூர் வீட்டுத் தரைக்கு ஈசூன் கணக்கு சரிவருமா?

சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் 46 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 74 வயது. விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில், அப்பா 1988இல் கட்டிய கான்கிரீட் ஒட்டு (மொட்டை மாடி) வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா காலமாகி 6 ஆண்டு ஆகிறது, உயில் எதுவும் எழுதவில்லை. வீடு முழுக்க சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்டுத் தரை. முன்ஹாலிலும் அதையொட்டிய அறையிலும் தரை கோடு கோடாக வெடித்து, குளியலறைப் பக்கத்து மூலை ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. போன மாதம் அந்தப் பள்ளத்தில் கால் தடுக்கி அம்மா விழப் பார்த்தார். ஹால் சுவரிலிருந்து பத்தடியில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஊர் மேஸ்திரி 1,100 சதுர அடிக்கும் டைல்ஸ் ஒட்ட, பொருள், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 150 ரூபாய், ஆக 1,65,000 ரூபாய் என்கிறார். "ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று பார்த்தால் 2,500 வெள்ளி சொச்சம்தான், ஈசூன் வீட்டுக்கு வினைல் தரை போடவே 4,500 வெள்ளி கொடுத்தேன், இரண்டே நாளில் பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிட்டார்கள், அதையே இங்கிருந்து வாங்கி அனுப்பினால் என்ன?" என்று கேட்கிறார். டைல்ஸ் போட்டால் வீடு குளுமையாகிவிடும் என்று மேஸ்திரி சொன்னது உண்மையா, திருப்பூரில் இருக்கும் தம்பி "நீயே செலவு பண்ணு அக்கா, வீடு உனக்கும்தானே" என்கிறானே, அப்படிச் செய்தால் பங்கு கூடுமா, வேலை மோசமாக இருந்தால் சிங்கப்பூரிலிருந்தே வழக்குப் போடலாமா என்பவை மற்ற கேள்விகள். ஜூன் பள்ளி விடுமுறையில் போய் முடித்துவிட்டு வர வேண்டும் என்பது திட்டம்.

சகோதரி, நான் கட்டுமானத் துறையில் அளவும் மதிப்பீடும் போட்டுப் பிழைக்கிறவன், சொந்த ஊரும் கரிசல் பூமிதான். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். நீங்கள் டைல்ஸ் விலையைக் கேட்கிறீர்கள். தரை ஏன் வெடித்தது என்று மேஸ்திரியும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. உங்கள் பணம் போகப்போகிற இடம் அது.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது

ஈசூனில் உங்கள் தரைக்குக் கீழே இருப்பது கம்பி போட்ட கான்கிரீட் தளம், அதற்குக் கீழே இன்னொருவர் வீடு. அது அசையாது. அதனால்தான் இரண்டு நாளில் ஒட்டிவிட்டுப் போக முடிந்தது. சாத்தூர் வீட்டில் தரைக்குக் கீழே இருப்பது பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்பிய மண். அந்தக் காலத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி எடுத்த கரிசல் மண்ணையே செலவு மிச்சம் என்று திரும்ப உள்ளே தள்ளி மூடியவர்கள் நிறையப் பேர். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சித்திரையில் காட்டுக்குள் நடந்தால் வெடிப்புக்குள் விரல் நுழையும், ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடி மண் உப்பிக்கொள்ளும். மான்ட்மோரிலோனைட் என்கிற களிமண் கனிமம் தண்ணீரை இழுத்துப் பிடித்து வீங்குவதும், காயும்போது சுருங்குவதும்தான் காரணம். சுவருக்கு அடியில் ஆழமான அஸ்திவாரம் இருக்கிறது, அது பெரும்பாலும் நிற்கும். தரை மட்டும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். மூன்று அங்குல சிமெண்டுத் தரை அந்த ஆட்டத்தை எத்தனை வருடம் தாங்கும்?

அந்த மூலை மட்டும் ஏன் இறங்கியது என்றால், எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று குளியலறைக் கழிவுக் குழாய் உள்ளே எங்கேயோ கசிந்து மண்ணை அரித்திருக்கலாம். இன்னொன்று வேப்பமரம். வறண்ட காலத்தில் வேர் தண்ணீருக்காக வீட்டுக்கு அடியில்தான் வரும், வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், மண் இன்னும் சுருங்கும். உடனே மரத்தை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். களிமண்ணில் மரத்தைத் திடீரென்று எடுத்தால் உறிஞ்ச ஆள் இல்லாமல் மண் ஈரம் கூடி உப்ப ஆரம்பிக்கும், இறங்கின தரை அப்புறம் ஏறும். கிளையைக் கழித்துவிட்டாலே தாகம் குறையும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் வெடித்த தரை மேலேயே அவசரமாக டைல்ஸ் ஒட்டினோம், தங்கை கல்யாணத்துக்காக. இரண்டு மழை போனது, பழைய வெடிப்பு எந்தக் கோட்டில் இருந்ததோ அதே கோட்டில் டைல்ஸ் பிளந்தது. ஒட்டியவரைக் குறை சொல்ல வழியில்லை, ஒட்டச் சொன்னது நான்.

அதனால் முதல் செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. பக்கத்தில் யாராவது நம்பிக்கையான பிள்ளையிடம் சொல்லி, ஒவ்வொரு வெடிப்புக்கும் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இடைவெளியை அளந்து, தேதி எழுதிவைக்கச் சொல்லுங்கள். சுவரிலும் வெடிப்பு இருந்தால் அதன் மேல் ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிடட்டும். கோடையில் ஓர் அளவு, மழை முடிந்து ஓர் அளவு. இடைவெளி மாறினால் மண் இன்னும் ஆடுகிறது. கண்ணாடி உடைந்தால் சுவரும் அசைகிறது, பிரச்சினை அஸ்திவாரம் வரை போயிருக்கலாம் என்று அர்த்தம், அப்போது டைல்ஸ் பேச்சையே நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் வரச் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பள்ளத்தைச் சிமெண்டு பூசிச் சரிவாக்கி விடுங்கள், அம்மா மறுபடி தடுக்கக் கூடாது.

வினைலும் மரமும் அங்கே வேண்டாம்

வினைலை இங்கிருந்து அனுப்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கப்பல் செலவுக்காகச் சொல்லவில்லை, பொருளே அந்த ஊருக்குத் தோதில்லை. சிங்கப்பூரில் வருடம் முழுக்க வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. சாத்தூரில் ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும், திறந்த கதவு வழியாக வெயில் நேராக ஹால் தரையில் விழும் இடம் அதைவிடச் சுடும். வினைலின் அடிப்படை பிவிசி என்கிற பிளாஸ்டிக். ஐந்து மீட்டர் நீளத் தரையில் 20 டிகிரி ஏறினால் சாதாரண பிவிசி ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும், அதே நீளத்துக்குப் பீங்கான் வகை டைல்ஸ் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. கல்தூள் கலந்து வரும் எஸ்பிசி வகை இதில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் வெயில் விழும் வாசல் ஓரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் அந்த வீட்டுத் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் ஷீட் எதுவும் போட்டிருக்க வாய்ப்பில்லை, மழைக்காலத்தில் கீழிருந்து ஏறும் ஈரத்தில் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

மரத்தரை இன்னும் மோசம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் இருக்கும் மரத்துக்குள் அதன் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரம் நிற்கும், கோடைக் காற்றில் வறண்ட ஊரில் அது பாதியாகிவிடும். நாலு அங்குல அகலப் பலகை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கும். ஹால் முழுக்கப் பலகைக்குப் பலகை அந்த இடைவெளி, அதில் கரிசல் புழுதி. பெருக்குவது யார்? அம்மாதான்.

அங்கே தாக்குப்பிடிப்பது சிவப்புத் தரை, கடப்பா கல், கோட்டா கல், கிரானைட், ஆத்தங்குடி டைல்ஸ், அதிகச் சூட்டில் இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் இவைதான். ஆத்தங்குடி டைல்ஸ் அழகு, சூளையில் சுடாமல் கண்ணாடிப் பலகை மேல் சாயமும் சிமெண்டும் மணலும் ஊற்றிக் கையால் செய்வது. ஆனால் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும், ஆடுகிற மண் மேல் அதற்கும் இதே கதிதான். உங்கள் நிலைமைக்கு மினுமினுப்பு இல்லாத மேட் விட்ரிஃபைட் போதும். "மேட்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் பளபளவென்று காட்டுவது ஈரக்காலோடு குளியலறையிலிருந்து வரும் 74 வயதுக்காரருக்கு ஆபத்து. வழுக்காத தன்மைக்கு ஆர்9, ஆர்10 என்று குறியீடு உண்டு, எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். உள்ளே ஆர்10 கேளுங்கள்.

குளுமை எங்கிருந்து வரும்

தரையால் வீடு குளுமையாகும் என்பது பாதி உண்மைகூட இல்லை. மண் மேல் இருக்கும் தரை ஏற்கெனவே குளுமையானதுதான், உங்கள் சிவப்புத் தரையில் மத்தியானம் வெறும் உடம்போடு படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். வீட்டைச் சுடவைப்பது மேலே இருக்கும் கான்கிரீட் ஒட்டு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணி வரை கீழே விடும். குளுமைதான் நோக்கம் என்றால் மொட்டை மாடியில் தட்டோடு பதியுங்கள், அது கட்டுப்படியாகாவிட்டால் கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடியுங்கள். தரைக்குப் போகும் காசில் கொஞ்சத்தை அங்கே திருப்பினால் அம்மா ராத்திரி தூங்குவார்.

150 ரூபாயில் விட்டுப்போனவை

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். ஒரே வரி. "டைல்ஸ் வேலை முழுவதும்." இந்த "முழுவதும்" என்கிற சொல்லுக்குத்தான் பின்னால் சண்டை வரும். பழைய தரையை உடைப்பது, இடிபாட்டை அள்ளி டிராக்டரில் ஏற்றுவது, மண் மாற்றுவது, ஜல்லி கான்கிரீட், சுவரோர ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை), கதவுகளை அடியில் சீவுவது எதுவும் அதில் இல்லை. அவர் மனதில் இருப்பது பழைய தரை மேலேயே ஒட்டுவது. அதற்கு 150 ரூபாய் நியாயமான விலைதான், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

டைல்ஸ் எண்ணிக்கையிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. இரண்டுக்கு இரண்டு என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர், இரண்டடி என்றால் 610. நாலு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5தான். 1,100 சதுர அடியோடு, சுவரோரம் 300 அடி நீளத்துக்கு நாலு அங்குல ஸ்கர்ட்டிங் என்றால் ஒரு 100, வெட்டுச் சேதம் 8 விழுக்காடு என்று 88, மொத்தம் 1,288. பதினாறால் வகுத்தால் 81 பெட்டி, சரியான கணக்கில் 84. மூன்று பெட்டிதானே என்று விட்டால், பிறகு வாங்கும்போது அதே பேட்ச் கிடைக்காது, நிறம் ஒரு சாயல் மாறும், அது கட்டிலுக்கு அடியில் வராமல் வாசலுக்கு நேராகத்தான் வரும்!

அடியிலிருந்து முறையாகச் செய்தால் என் மதிப்பீட்டில் சதுர அடிக்கு 250, 260 ரூபாய் ஆகும். வீடு முழுக்க என்றால் 2,86,000 ரூபாய், உங்கள் 65 ரூபாய்க் கணக்கில் சுமார் 4,400 வெள்ளி. பார்த்தீர்களா, ஈசூன் வினைல் செலவுக்கே வந்து நிற்கிறது. ஆனால் வீடு முழுக்கத் தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. கடிதத்தின்படி கெட்டுப்போனது ஹாலும் ஒரு அறையும், மொத்தம் சுமார் 400 சதுர அடி. அதை மட்டும் 260 ரூபாயில் செய்தால் 1,04,000. கழிவுக் குழாய் மாற்ற, கதவு சீவ, எதிர்பாராததற்கு என்று ஒரு 31,000 வைத்தாலும் 1,35,000தான். மேஸ்திரி சொன்னதைவிட 30,000 குறைவு.

வேலையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கெட்ட பகுதியில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுப்பது, அந்த இடத்தில் கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவது (400 சதுர அடிக்கு 600 கன அடி, அதாவது 6 யூனிட், ஆனால் இறுகிப்போகும் என்பதால் ஏழு ஏழரை யூனிட் வாங்க வேண்டும்), மேலே கனமான பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் நாலு அங்குல ஜல்லி கான்கிரீட், சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய இடைவெளி. டைல்ஸை வெறும் சிமெண்டுப் பாலில் ஒட்ட விடாதீர்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது, அதனால் சிமெண்டுப் பால் அதைப் பிடிப்பதில்லை, அதற்கென்று உள்ள டைல்ஸ் பசைதான் வேண்டும். டைல்ஸுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்கட்டும். "கேப் தெரியாம ஒட்டித் தரேன்" என்று பெருமையாகச் சொல்வார், வேண்டாம் என்று சொல்லுங்கள், வெயிலில் நீள இடமில்லாமல் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்பது அந்த வகைத் தரைதான். கலவைக்கு உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம், இரண்டு மழைக்குள் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர் லாரிக்குக் காசு கொடுங்கள்.

ஜூன் மாதம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வெயிலில் கான்கிரீட்டின் ஈரம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும், பசை கரணையிலேயே காயும், மண்ணும் எலும்பாக வறண்டு சுருங்கிய நிலையில் இருக்கும், அதன் மேல் தரை போட்டால் முதல் மழையில் கீழிருந்து தள்ளும். டிசம்பர் விடுமுறை மழையில் மாட்டிக்கொள்ளும். பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் சரி. சீனப் புத்தாண்டு விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துப் போனால் மண் நிரப்பும் கட்டத்தை நேரில் பார்த்துவிடலாம். நேரில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான், டைல்ஸ் ஒட்டுவதை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பதினொன்றரை, உணவு இடைவேளையோடு ஒத்துப்போகும். ஒட்டி முடிந்து காய்ந்த பிறகு ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டச் சொல்லிக் கேளுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் கீழே பசை இல்லை, அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லலாம்.

பங்கும் பணமும்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை, உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றால், அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. நீங்கள் தரைக்கு ஒன்றரை லட்சம் போட்டதால் உங்கள் பங்கு தானாகக் கூடாது. பின்னால் பாகம் பிரிக்கும்போது அந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதற்குத் தாள் வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், டைல்ஸ் பில்லை வாங்கிவையுங்கள், தம்பிக்கு "இவ்வளவு செலவு, நான் போடுகிறேன், பிறகு கணக்கில் வைத்துக்கொள்ளலாம், சரியா?" என்று ஒரு செய்தி அனுப்பி, அவன் "சரிக்கா" என்று பதில் போட்டால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இதையெல்லாம் செய்ய மனசு வரவில்லை, அம்மாவுக்குத்தானே செய்கிறேன் என்றால் அதுவும் நல்ல முடிவுதான், ஆனால் பத்து வருடம் கழித்துத் தம்பியிடம் சொல்லிக்காட்டக் கூடாது.

வழக்கு விஷயத்தில் நீங்கள் நினைப்பது நடக்காது. இங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எளிதாகக் கேட்கும் என்பது உண்மை, ஆனால் சாத்தூர் மேஸ்திரியை இங்கே வரவழைத்து என்ன வசூலிப்பீர்கள்? பில்லும் ஒப்பந்தத் தாளும் அம்மா பெயரில் இருக்கட்டும். பிரச்சினை வந்தால் அம்மா தன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்க வழி இருக்கிறது. அதைவிட நல்லது கையில் கொஞ்சம் பணத்தை நிறுத்திவைப்பது. டைல்ஸை நீங்களே கடையில் பணம் கட்டி வாங்குங்கள், கூலியைக் கிராவல் முடிந்ததும் ஒரு பங்கு, கான்கிரீட் முடிந்ததும் ஒரு பங்கு, ஒட்டி முடித்ததும் ஒரு பங்கு என்று கொடுங்கள். கடைசிப் பத்து விழுக்காடு அடுத்த மழை கழிந்த பிறகுதான் என்று சொன்னால் மேஸ்திரி முகம் சுளிப்பார், ஐந்துக்காவது ஒத்துக்கொள்ள வைக்கப் பாருங்கள்.

மிச்சமுள்ள 700 சதுர அடி சிவப்புத் தரையைத் தொடாதீர்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறி, அறைக்கு அறை இன்னொரு தடுக்கல்தான் மிஞ்சும். ஹாலின் புதுத் தரையையும் பழைய தரையின் மட்டத்துக்கே கொண்டுவந்து முடிக்கச் சொல்லுங்கள், அடியிலிருந்து எழுப்புவதால் அது முடியும். பின்கட்டுத் தரையைக் கழுவிக் காயவைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மறுநாள் பழந்துணியால் எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். துடைக்கும் வரை அம்மாவை அந்தப் பக்கம் நடக்க விடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.